விழித்துக்கொண்ட உளுந்து

ஒரு பெண்ணைப் பின்தொடர்வது சுலபமான வேலை என்று நினைக்கிறவர்கள் வெள்ளிக்கிழமை மதியம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பார்க்க வேண்டும். ரயில் பாதையை அகலப்படுத்துவதாகச் சொல்லித் தண்டவாளத்தைப் பிடுங்கிப் போட்டிருந்த வருஷங்கள் அவை. ரயிலில் போக வேண்டிய சனமும் பஸ்ஸுக்கே வந்துவிட்டது. கடலூர் பஸ் உள்ளே நுழைந்து நிற்பதற்குள் என் அண்ணி ஞானாம்பாள் கைக்குட்டையை ஜன்னல் வழியாகப் போட்டு இடம் பிடித்துவிட்டார். அதுவும் எந்த இடம்? நாங்கள் பின்தொடர வேண்டிய ஸ்வர்ணலதாவுக்கு நேர் பின்சீட்டு.

எனக்கு இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றேன். துப்பறியும் தொழிலில் உயரமாக இருப்பதன் பலன் இவ்வளவுதான்.

அண்ணி பல வருஷம் ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தவர். சித்தப்பா பெண்ணுக்குக் கல்யாணம் என்று லீவு கேட்கிற முகத்தைப் பார்த்தே, போவது கல்யாணத்துக்கா சினிமாவுக்கா என்று சொல்லிவிடுவார். அந்தத் திறமையை வீணாக்குவானேன் என்று கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் நிலையம் தொடங்கினார். வருவதெல்லாம் மாப்பிள்ளை விசாரணை. பையன் குடிப்பானா, தலையில் இருப்பது சொந்த முடியா, இந்த மாதிரி. நான் அவருடைய வீட்டுக்காரரின் தம்பி பாலகுமார். விசிட்டிங் கார்டில் 'இணைத் துப்பறிவாளர்' என்று போட்டிருக்கிறேன். அச்சடித்தது நான். அண்ணி இன்னும் அதைப் பார்க்கவில்லை.

முன்சீட்டில் ஸ்வர்ணலதா மடியில் ஒரு தெர்மோகோல் பெட்டியை வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான பெண். சேத்தியாத்தோப்புப் பக்கம் உளுந்தும் நெல்லும் போடுகிற குடும்பம். அடிக்கடி தும்மினாள். தும்மும்போதுகூடப் பெட்டியை விடவில்லை.

அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதுதான் வழக்கே.

இரண்டு நாளுக்கு முன் பேராசிரியர் சிற்சபேசன் எங்கள் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்தார். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் தாவர ஆராய்ச்சிக்கூடம் வைத்திருக்கிறவர். நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அண்ணியின் முகம் மாறியதை நான் கவனித்தேன், அவர் கவனிக்கவில்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். உளுந்துச் செடியில் ஒரு துணுக்கை வெட்டி, சர்க்கரையும் உப்புகளும் கலந்த திரவத்தில் போட்டு, கண்ணாடிக் குடுவையில் ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருந்தால், இலையும் வேரும் இல்லாமல் வெறும் செல்களாகவே பெருகும். பார்ப்பதற்கு அரைத்த உளுந்து மாவு மாதிரியே வெள்ளையாக இருக்குமாம். இட்லிக்கு ஆகுமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

இந்தச் செல்களின் மேல் பூஞ்சையின் தோலைப் பொடித்துத் தூவினால், எதிரி வந்துவிட்டான் என்று அவை நினைத்துக்கொள்ளும். உடனே அதுவரை உறங்கிக் கிடந்த சில மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். அவை நொதிகளைச் செய்யும். நொதிகள் பூஞ்சைக்கு விஷம் சமைக்கும். அந்தச் சமையலில் குடுவையே பழுப்பாகிவிடும். சமையலைத் தொடங்கி வைக்கிற நொதியின் பெயரையும் சொன்னார். ஃபீனைல்அலனின் அமோனியா லையேஸ்.

"பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பூஞ்சை சாப்பிட்டுட்டுக் கையும் கழுவியிருக்கும் சார்" என்றேன்.

அண்ணி என் காலை மிதித்தார்.

விவகாரம் இதுதான். ஸ்வர்ணலதாவின் ஆராய்ச்சியில் பாதிக் குடுவைகளுக்குப் பூஞ்சைப் பொடி போடப்படும். மீதிப் பாதிக்கு ஒன்றுமே போடக்கூடாது. அவை தூங்க வேண்டிய குடுவைகள். இவை விழித்தன, அவை தூங்கின என்று காட்டினால்தான் ஆராய்ச்சிக்கு மதிப்பு. ஆனால் மாசி மாதத்திலிருந்து ஒன்றும் போடாத குடுவைகளும் சனிக்கிழமை காலையில் பழுப்பாகி நிற்கின்றன. சோதித்துப் பார்த்தால் மரபணுக்கள் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருக்கின்றன. எதிரியே வராமல் யார் எழுப்பியது?

யார் என்பதில் சிற்சபேசனுக்குச் சந்தேகமே இல்லை. குடுவைகள் இருக்கும் குளிர் அறைக்கு இரண்டே சாவி. ஒன்று அவரிடம், மற்றது ஸ்வர்ணலதாவிடம். அவள் வெள்ளிக்கிழமை மதியம் ஒரு பெட்டியோடு கடலூருக்குப் போகிறாள். மறுநாள் காலை குடுவைகள் கெட்டிருக்கின்றன. கடலூரில் ஒரு விதை கம்பெனி அவளுக்கு வேலை தருவதாகப் பேச்சு. ஆகவே அவள் நல்ல செல்களைக் கம்பெனிக்குக் கடத்திக்கொண்டு போய், இங்கே இருப்பதைக் கெடுத்து வைக்கிறாள். திங்கட்கிழமை ஆய்வுக் குழு கூடுகிறது. கையில் ஆதாரம் இருந்தால் அன்றைக்கே அவள் பதிவை ரத்து செய்துவிடலாம். அதோடு அவள் படிப்பு முடிந்தது.

அவர் போன பிறகு அண்ணி அந்த நாற்காலியை இழுத்துத் தானே உட்கார்ந்துகொண்டார். பிறகு, "ரெண்டு சாவின்னு சொன்னாரு" என்றார். அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே சிதம்பரத்துக்கு வந்து ஆராய்ச்சிக்கூடத்தைப் பார்த்தோம். வாசல் கதவில் ஒரு ஆணி. அதில் மூன்று பூச்சரங்கள் தொங்கின. பூ வைத்துக்கொண்டு வருகிற பெண்கள் கழற்றி அந்த ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது சிற்சபேசனின் சட்டம். பூவில் தூசி உண்டு, பூஞ்சை உண்டு, எறும்பு உண்டு. அவர் அண்ணியின் தலையைப் பார்த்தார். அண்ணி பூ வைப்பதில்லை. வாசனைப் பூ என்றாலே அவருக்கு ஒத்தைத் தலைவலி வந்துவிடும். சிற்சபேசன் என் தலையையும் ஒரு தடவை பார்த்தார். நான் சீப்பை எடுத்து வாரிக்கொண்டேன்.

குளிர் அறை சின்னது. உள்ளே இருட்டு. இரும்புத் தட்டுகள் கூரை வரைக்கும் உயர்ந்திருந்தன. நடுத்தட்டில் ஆட்டும் மேடை ஒன்று குடுவைகளைத் தொட்டில்போல ஆட்டிக்கொண்டிருந்தது. குடுவைகளின் வாயில் பஞ்சு அடைத்திருந்தது. கிருமி போகாது, காற்று போகும் என்றார் பேராசிரியர். அன்று காலைதான் ஸ்வர்ணலதா செல்களைப் பிரித்துப் புதுத் திரவத்தில் விட்டு அங்கே கொண்டுவந்து வைத்திருந்தாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்படித்தானாம். எல்லாம் வெள்ளையாக, சமர்த்தாக ஆடிக்கொண்டிருந்தன.

அறை முழுக்க ஸ்பிரிட் நெடி. அதற்கு மேல் கிருமிநாசினி நெடி. அண்ணி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை என்றார். போகிற போக்கில் தட்டின் மூலையிலிருந்து ஏதோ காய்ந்த நாரை நகத்தால் சுரண்டி எடுத்து பர்ஸில் போட்டுக்கொண்டார். மேல்தட்டின் ஓரம் ஈரமாக இருந்ததையும் எக்கித் தொட்டுப் பார்த்தார். ஏ.சி. ஒழுகுகிறது என்றார் சிற்சபேசன். வெளியே வந்து ஒரு டீ குடித்ததும் தலைவலி போய்விட்டது. நான் ரெண்டு வடையும் சாப்பிட்டேன். எனக்குத் தலைவலி இல்லை, பசிதான்.

அப்புறம்தான் இந்த பஸ்.

வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டி பி.முட்லூரில் பஸ் நின்றது. ஒரு அம்மாள் ஏறி அண்ணியின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மடியில் வாழை இலைப் பொட்டலம். பஸ் புதுச்சத்திரம் போய்ச் சேர்வதற்குள் அண்ணியின் கை நெற்றிக்குப் போய்விட்டது. கண் சிவந்துவிட்டது. இங்கே ஏ.சி. இல்லையே என்று குனிந்து சொன்னேன். அண்ணி பக்கத்து அம்மாளிடம் என்ன பூ என்று கேட்டார். ஜாதிமல்லி என்றார் அந்த அம்மாள். காலையில் வாங்கியதாம். இப்போது மொட்டு, சாயந்திரம் விரியும், விரிந்தால்தான் வாசனை ஊரைத் தூக்கும் என்று ஆசையாகச் சொன்னார். இலையைப் பிரித்துக் காட்டவும் காட்டினார்.

அண்ணி மெள்ளப் பர்ஸைத் திறந்தார். காலையில் எடுத்த நார்த்துண்டைப் பூக்கட்டின் நாரோடு சேர்த்துப் பார்த்தார். இரண்டும் வாழைநார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். விடுதியில் பெட்டியைச் சோதனை போடும் முன் இப்படித்தான் பார்ப்பாராம்.

"தம்பி, காலையில அந்த ரூம்ல மேல்தட்டுக்கு மேல என்னா இருந்தது?"

"நான் பாக்கல அண்ணி."

"நான் குள்ளம், எனக்குத் தெரியல. உனக்கென்ன கேடு?"

நான் கம்பியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

கடலூரில் ஸ்வர்ணலதா இறங்கி ஆட்டோ பிடித்தாள். நாங்களும் ஒன்று பிடித்தோம். முன்னால் போகிற ஆட்டோவை விடாதே என்று சொல்ல எனக்கு வெகுநாள் ஆசை. சொன்னேன். டிரைவர் அண்ணியைத் திரும்பிப் பார்த்து, பொண்ணு ஓடிப்போவுதா என்று அனுதாபமாகக் கேட்டார். விதை கம்பெனி இருக்கிற தெருவைத் தாண்டி ஆட்டோ நிற்காமல் போயிற்று. மஞ்சக்குப்பத்தில் ஒரு பெண்கள் கல்லூரியின் பின்பக்கம் போய் நின்றது.

நான் ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்தேன். அண்ணி மறையவில்லை. நேராக அவள் பின்னாலேயே உள்ளே போனார். ஒளிந்து பார்த்தால் பாதிதான் தெரியும், எதிரே நின்று பார்த்தால் முழுசும் தெரியும் என்பது அவர் கட்சி. அப்படியானால் நான் எதற்கு என்று பல தடவை கேட்டிருக்கிறேன்.

உள்ளே பழைய ஆய்வுக்கூடம். மலர்க்கொடி என்று ஒரு விரிவுரையாளர், ஸ்வர்ணலதாவோடு படித்தவள், பெட்டியை வாங்கிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் சிதம்பரத்தில் பார்த்த மாதிரியே ஒரு ஆட்டும் மேடை, கொஞ்சம் துருப்பிடித்து, கொஞ்சம் சத்தம் ஜாஸ்தியாக ஆடிக்கொண்டிருந்தது.

"நீங்க யாரு?" என்றாள் ஸ்வர்ணலதா.

"உங்க சார் அனுப்புன ஆளு" என்றார் அண்ணி.

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. ஓடவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பெட்டியைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினாள். ஐஸ் துண்டுகளுக்கு நடுவில் பஞ்சு அடைத்த குடுவைகள். உள்ளே வெள்ளை மாவு. பிறகு மேடையைக் காட்டினாள். போன வெள்ளிக்கிழமை கொண்டுவந்தவை அங்கே ஆடிக்கொண்டிருந்தன. அவையும் வெள்ளை. பழுப்பின் சாயல்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் செல்களைப் பிரிக்கும்போதே இரண்டாகப் பிரித்துவிடுவாளாம். ஒரு பாதி சிதம்பரத்துக் குளிர் அறைக்கு. மறு பாதியை அந்த அறைக்குள் கொண்டுபோகாமலே பெட்டியில் வைத்து இங்கே. ஒரே செல், ஒரே திரவம், ஒரே கை. அங்கே போனது பழுப்பாகிறது, இங்கே வந்தது தூங்குகிறது. கம்பெனி வேலையை அவள் எப்போதோ வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"கெட்டுப்போறது என் கையாலயா, அந்த ரூமாலயான்னு எனக்கே தெரியணும்க்கா" என்றாள். "தூக்கத்துலகூட கையக் கழுவிக்கிட்டே இருக்கேன்."

எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. காலையில் இவளைப் பற்றி அண்ணியிடம் நான் அடித்த ஜோக்குகளை எல்லாம் திருப்பி வாங்கிக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

இதை ஏன் சாரிடம் சொல்லவில்லை என்று அண்ணி கேட்டார். அந்த அறைக்காகச் சிற்சபேசன் வருஷக்கணக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவர். அறையின் மேல் குறை சொன்னால் பெற்ற பிள்ளையைச் சொன்ன மாதிரி அவருக்குக் கோபம் வரும். இந்த வாரமும் இங்கே வெள்ளையாகவே இருந்தால் தைரியமாகச் சொல்லிவிடலாம் என்று இருந்தாளாம். அதற்குள் அவர் எங்களிடம் வந்துவிட்டார்.

அண்ணி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். பூஞ்சைப் பொடி இல்லாமல் இந்தச் செல்களை வேறு எது எழுப்பும் என்று கேட்டார். காயம் பட்டால் எழும், சூடு பட்டால் எழும் என்று ஸ்வர்ணலதா சொல்லிக்கொண்டே போனாள்.

"பஞ்சு வழியா நுழைஞ்சி எழுப்புறது?"

"பஞ்சு வழியா காத்துதான்க்கா போவும்." சொல்லிவிட்டு நிறுத்தினாள். "ஒண்ணு இருக்கு. புழு கடிச்ச செடி ஒரு ஆவி விடும். பக்கத்துச் செடி அதை மோந்ததும், நம்மளக் கடிக்கிறதுக்கு முன்னாடியே தயாராயிடும். அந்த கெமிக்கல் எங்க லேப்ல ஒரே ஒரு பாட்டில் இருக்குது. ஆனா சீல்கூட உடைக்கல."

"பாட்டிலை விடு. வேற எதுல இருக்கும் அது?"

அண்ணி பர்ஸிலிருந்து வாழைநாரை எடுத்து மேசையில் வைத்தார். ஸ்வர்ணலதா நாரைப் பார்த்தாள். மலர்க்கொடி அவளைப் பார்த்தாள். நான் மூன்று பேரையும் பார்த்தேன், ஒன்றும் விளங்காமல்.

"ஜாதிமல்லி" என்றாள் ஸ்வர்ணலதா மெதுவாக. "மொதமொதல்ல அதைப் பிரிச்செடுத்ததே ஜாதிமல்லி எண்ணெயிலேர்ந்துதான். பரீட்சையில எழுதியிருக்கேன். ஆனா பூவா வந்து நிக்கும்னு யோசிக்கவே இல்லியே."

"உனக்கு வாசனை தெரியலியா?"

"எனக்கு சைனஸ்க்கா. அந்த ஏ.சி.க்குள்ள போனாலே மூக்கு அடைச்சிக்கும். சாயந்திரம் நான் அங்க இருக்கறதும் இல்ல."

ஆக, எவரோ வெள்ளிக்கிழமைகளில் அந்தக் குளிர் அறைக்குள் ஜாதிமல்லியை வைக்கிறார்கள். காலையில் மொட்டு, ஸ்பிரிட் நெடியில் தெரியாது. எல்லாரும் போன பிறகு விரியும். பஞ்சு வழியாக ஆவி இறங்கும். உளுந்துச் செல்கள் எதிரி வந்துவிட்டான் என்று ஆயுதம் தூக்கும்.

பெருக்குகிற அம்மாவாக இருக்கும் என்றேன். அந்த அறையைத் தானே துடைப்பதாக ஸ்வர்ணலதா சொன்னாள். அப்படியானால் எவனோ ஒரு பையன், காதலிக்குப் பூ வாங்கி ஒளித்து வைக்கிறான், சாவிக்கு நகல் செய்திருக்கிறான் என்று என் முழுத் திறமையையும் இறக்கினேன். காதல் என்ற அளவில் சரிதான் என்றார் அண்ணி. பிறகு செல்போனை எடுத்துச் சிற்சபேசனைக் கூப்பிட்டார். குளிர் அறையில் கைவரிசை காட்டுகிற ஆள் இன்று சாயந்திரம் அங்கே வரும் என்றும், அவரும் கூட இருந்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்றும் சொன்னார். போனுக்கு வெளியே கேட்கிற அளவுக்கு அவர் சந்தோஷப்பட்டார்.

அதே பஸ்ஸில்தான் திரும்பினோம். கண்டக்டர் என்னையும் அண்ணியையும் சந்தேகமாகப் பார்த்தார். இப்போது எங்களோடு ஸ்வர்ணலதாவும் பெட்டியும் சேர்ந்துகொண்டதால் இன்னும் சந்தேகம்.

பொழுது சாயும் நேரத்தில் குளிர் அறைக்குள் நாங்கள் மூன்று பேர், அண்ணி, நான், சிற்சபேசன். ஸ்வர்ணலதாவை வராந்தாவின் கோடியில் நிற்கச் சொல்லியிருந்தார் அண்ணி. பேராசிரியருக்கு அது தெரியாது. விளக்கு போடவில்லை, கதவு இடுக்கில் வராந்தா வெளிச்சம் கொஞ்சம் கசிந்தது. ஆட்டும் மேடையின் முனகல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சிற்சபேசன் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் அப்படி ஒரு ஆர்வம். வாழ்நாளெல்லாம் செல்லைப் பிடித்தவர், முதல் தடவையாக ஆளைப் பிடிக்கப் போகிறார். ஆள் எதிர்த்தால் என்ன செய்வது என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். நான் இருக்கிறேன் சார் என்றேன். அது அவருக்கு அவ்வளவாகத் தெம்பு கொடுத்ததாகத் தெரியவில்லை.

அறையில் மெல்ல ஒரு வாசனை எழுந்தது. அண்ணி சேலைத் தலைப்பை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டார். பேராசிரியருக்கு அது உறைக்கவே இல்லை. பழகிவிட்ட மூக்கு.

நேரம் ஆக ஆக அவர் நெளிந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். செல்போன் சட்டைப் பைக்குள் நடுங்கியது. எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆலப்பாக்கம் தாண்டிட்டாளாம்" என்று முணுமுணுத்தார்.

"யாரு சார்?" என்றார் அண்ணி.

"வீட்ல. பவானி. மாசியில கடலூருக்கு டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு. அங்கேயே ரூம் எடுத்து இருக்கா. வாரம் முடிஞ்சா பஸ்ல வருவா, நான் போய் அழைச்சிட்டு வரணும்."

இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு எழுந்துவிட்டார். "மேடம், நீங்க கதவைப் பாத்துக்கிட்டே இருங்க. ஒரு நிமிஷம்" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லிவிட்டு, குதிகாலை உயர்த்தி மேல்தட்டுக்கு மேல் கையை விட்டார். அங்கே ஸ்டெபிலைசர் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஈரமான வாழை இலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். இலை விலகியது. ஜாதிமல்லி வாசனை அந்தச் சின்ன அறையைக் கொள்ளைகொண்டது.

அண்ணி விளக்கைப் போட்டார்.

"ஆளு வந்தாச்சி சார்."

சிற்சபேசன் சட்டென்று கதவைப் பார்த்தார். ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், நானும் கதவைத்தான் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. திரும்பினால் அண்ணி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது பூ மேடம்" என்றார் அவர். "பவானிக்குப் பிடிக்கும். சாயந்திரம் சன்னதித் தெருவுல போனா கோயிலுக்கு வந்தவங்க எல்லாம் வாங்கிட்டுப் போயிடுறாங்க, கிடைக்கறதில்ல. காலையிலயே வாங்கி, குளிர்ச்சியா இருக்கட்டுமேன்னு இங்க வெக்கிறேன். வாசல்ல ஆணி அடிச்சவனே நான். அதனால யாருக்கும் சொல்லல. வெறும் பூ மேடம், கெமிக்கல்கூட இல்ல."

சொன்னவர் பாதியில் நின்றுவிட்டார். அவர் உதடு மட்டும் அசைந்தது. ஜாதிமல்லி எண்ணெய் என்று அவரே சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது. வருஷா வருஷம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற பாடம். வாளியின் மேல் மறுபடி உட்கார்ந்தார். சாவி வைத்திருக்கிற இரண்டு பேரில் ஒருத்தியைச் சந்தேகப்பட்டவர், மற்ற ஒருத்தரைக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளவில்லை. ஏ.சி. எதிர்ச்சுவரில் இருக்க மேல்தட்டு எப்படி ஈரமானது என்றுகூட அவர் யோசிக்கவில்லை. இலையில் தண்ணீர் தெளித்து வைத்தவரே அவர்தான்.

அண்ணி கதவைத் திறந்து ஸ்வர்ணலதாவைக் கூப்பிட்டார். அவள் கடலூர் மேடையிலிருந்து கொண்டுவந்த போன வாரத்து வெள்ளைக் குடுவையையும், அதே வாரம் இங்கே வைத்த பழுப்புக் குடுவை ஒன்றையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். நடுவில் இரண்டு தடவை தும்மினாள், ஆனால் சொல்லி முடித்தாள். சிற்சபேசன் குடுவைகளைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை.

அவள் பழுப்புக் குடுவையை விளக்கில் தூக்கிப் பிடித்தாள்.

"பாவம் சார் இதுங்க. எதிரி வர்றான்னு ஒரு வாசனை வந்துச்சி, நம்பிடுச்சிங்க. இதுங்க மேல தப்பு இல்ல."

சிற்சபேசன் கையிலிருந்த பொட்டலத்தைத் தட்டில் வைத்தார். எனக்கு அவரைக் கேலி செய்யக்கூடத் தோன்றவில்லை.

"எனக்கும் ஒரு வாசனைதான்ம்மா வந்தது" என்றார் கடைசியில். "ஒரு பொட்டி, ஒரு கம்பெனி பேரு. உன்னை ஒரு வார்த்தை கேக்காம ஆயுதத்தைத் தூக்கிட்டேன். திங்கக்கிழமை கமிட்டியில நான் பேசுறேன். தப்பு என்னுதுன்னு சொல்றேன்."

ஸ்வர்ணலதா தலையை ஆட்டவில்லை. பொட்டலத்தைச் சுட்டிக் காட்டினாள்.

"அதுல பாதி குடுங்க சார்."

"எதுக்கு?"

"ஒரு செட்டுக்குப் பூவோட, ஒரு செட்டுக்குப் பூ இல்லாம, தனித்தனி ரூம்ல இன்னிக்கே வெச்சிடுறேன். திங்கக்கிழமைக்குள்ள தெரிஞ்சிடும். நீங்க எனக்காகப் பேச வேணாம். குடுவை பேசட்டும்."

அப்போதுதான் அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கத்தரிக்கோலை எடுத்தார். பூவை வெட்டுகிறோம் என்பதை மறந்து, பழக்க தோஷத்தில் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்தார். சரத்தை நடுவில் வெட்டிப் பாதியை அவளிடம் கொடுத்தார்.

"வீட்ல கேட்டா என்னா சொல்லுவீங்க?" என்றார் அண்ணி.

"மீதியை உளுந்துக்குக் குடுத்தேன்னு சொல்றேன்."

"நம்புவாங்களா?"

"மாட்டா" என்றார் அவர் வருத்தமாக.

போன் மறுபடி நடுங்கியது. பஸ் ஊருக்குள் நுழைந்து வண்டிகேட் பக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. பாதிச் சரத்தை இலையில் சுருட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் ஓடியவர் திரும்பி வந்தார். சட்டைப் பையிலிருந்து குளிர் அறையின் சாவியை எடுத்து ஸ்வர்ணலதாவின் கையில் வைத்தார்.

"ரெண்டும் உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். "நான் உள்ள வரணும்னா உன்னைக் கேட்டுட்டு வர்றேன்."

அவர் செருப்புச் சத்தம் படியில் இறங்கித் தேய்ந்தது. ஸ்வர்ணலதா ஒரு கையில் இரண்டு சாவியும் மறு கையில் பூவுமாக நின்றாள். வெளியே வந்து கதவைப் பூட்டினாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கைக்குட்டையால் மூக்கையும் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"சைனஸ்க்கா" என்றாள்.

சொன்னது யாரிடம்? பெண்கள் விடுதியில் அத்தனை வருஷம் வார்டனாக இருந்தவரிடம். அண்ணி தலைவலியோடு தலைவலியாக, நம்பிவிட்டதாகத் தலையை ஆட்டினார்.